ஆற்றங்கரை நாணல் குடிலில் நான்கு இரவுகள்: ஜாம்பியாவின் லுவாங்குவா சஃபாரிக்கு முழுமையான வழிகாட்டி

ஜாம்பியாவின் கிழக்கே, மலாவி எல்லையை ஒட்டிய மஃபிங்கா மலைகளில் பிறந்து தெற்கே ஜாம்பேசி ஆற்றில் போய்ச் சேர்கிறது லுவாங்குவா ஆறு. வழியில் அதை மறிக்கும் பெரிய அணை கிடையாது. அதனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரையை அறுத்துக்கொண்டு, பழைய தடத்தை விட்டுவிட்டுப் புதுத் தடம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. விட்டுப்போன தடங்கள் பிறை வடிவக் குளங்களாக அங்கங்கே தங்கிவிடுகின்றன. ஆற்றின் நடுப்பகுதியை ஒட்டி 9,050 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது தெற்கு லுவாங்குவா தேசியப் பூங்கா. 1972இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இந்தக் கரையில் இருக்கும் எளிய குடில் லாட்ஜ்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாணல் தட்டிச் சுவர், புல் வேய்ந்த கூரை, கண்ணாடி இல்லாத ஜன்னல், வானம் தெரியும் குளியலறை. பல குடில்களை நவம்பரில் மழைக்கு முன்பே பிரித்து எடுத்துவிட்டு, மே மாதத்தில் மறுபடி கட்டுகிறார்கள். சுற்றி வேலி இருக்காது. இரவில் யானையும் நீர்யானையும் குடில்களுக்கு நடுவே நடந்துபோகும்.

இப்படிப்பட்ட இடத்தில் நம் நேரத்தை நடத்துவது ஆறுதான். எந்த மாதம் போவது, எந்தக் குடில் எடுப்பது, பகலில் எங்கே உட்காருவது என்று எல்லாவற்றையும் ஆற்றை வைத்து முடிவு செய்யுங்கள். விலங்குகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர்களைவிட, ஆற்றைப் பார்த்து உட்காருபவர்கள் அங்கே அதிகம் பார்க்கிறார்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். இதன் கணக்கு எளிது. மழை முடிந்த புதிதில் காட்டுக்குள் எங்கு பார்த்தாலும் தண்ணீர் நிற்கும். விலங்குகளும் சிதறிக் கிடக்கும், புல்லும் ஆள் உயரம். நாள் போகப்போக உள்குளங்கள் வற்றும், புல் சாயும், எல்லா உயிர்களும் ஆற்றை நோக்கி வரும்.

மே, ஜூனில் போனால் பசுமை, தெளிந்த வானம், கடுங்குளிரான விடியல். ஜூலையிலும் குளிர் நீடிக்கும். காலையில் பத்து டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அக்டோபரில் விலங்குகள் ஆற்றங்கரையில் குவிந்து நிற்கும், ஆனால் வெயில் நாற்பதைத் தொடும். நாணல் குடிலில் ஏசி இருக்காது. மதியத்தில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆகஸ்ட் கடைசி வாரம் தொடங்கி செப்டம்பர் மூன்றாவது வாரம் வரை. குளிர் விட்டிருக்கும், கொடும் வெயில் இன்னும் வந்திருக்காது. அந்தச் சமயத்தில்தான் கார்மைன் பஞ்சுருட்டான் என்ற பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து, ஆறு அறுத்துவிட்ட செங்குத்தான மண்கரையில் துளை போட்டுக் கூடு வைக்கும். குங்குமச் சிவப்பு உடல், நீலத் தலை. ஒரு கரையில் நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கும். ஆறு கரையை அறுக்காவிட்டால் அந்தப் பறவைக்கு வீடு இல்லை.

மழைக்காலத்தில் பெரும்பாலான குடில்கள் மூடியிருக்கும். திறந்திருக்கும் சில லாட்ஜ்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் படகில் கூட்டிப்போவார்கள். கருங்காலி மரங்களுக்கு நடுவே வெள்ளம் புகுந்து நிற்கும், அதில் படகு போகும். அது வேறு மாதிரி அழகு. இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. லாட்ஜைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வகை இருக்கிறது. பூங்காவை ஒட்டிய ஊரான முஃபுவேயின் பாலத்துப் பக்கத்தில், பூங்காவுக்கு வெளியே கிழக்குக் கரையில் இருப்பவை ஒரு வகை. அங்கே சொந்த டென்ட் போடவும் இடம் கொடுப்பார்கள், சிறிய அறைகளும் உண்டு. செலவு குறைவு. நீங்களே சமைத்துக்கொள்ளலாம், சஃபாரிக்குத் தனியாகப் பணம் கட்டலாம். பூங்காவுக்கு வெளியே என்று தயங்க வேண்டாம். விலங்குகளுக்கு எல்லைக்கோடு தெரியாது, ஆற்றைக் கடந்து வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டாவது வகை நடுத்தர லாட்ஜ்கள். மூன்றாவது, பூங்காவின் உள்ளே தள்ளி, நாலைந்து குடில்கள் மட்டுமே கொண்ட புஷ் கேம்ப். சாப்பாடு, சஃபாரி, கைடு எல்லாம் சேர்த்து ஒரே விலை, அதுவும் கனமான விலை. சேமித்துப் போகத் தகுந்த இடம் அது.

பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். குடிலின் முகப்பு ஆற்றைப் பார்க்கிறதா, இல்லை உணவுக்கூடம் மட்டும்தான் பார்க்கிறதா? வறண்ட காலத்தில் தண்ணீர் இந்தக் கரையை ஒட்டி ஓடுகிறதா, அரை கிலோமீட்டர் மணலுக்கு அப்பால் எதிர்க்கரையை ஒட்டி ஓடுகிறதா? ஒரு ஜீப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்? நடை சஃபாரி உண்டா? கேமரா சார்ஜ் செய்யக் குடிலிலேயே மின்சாரம் இருக்கிறதா, பொது இடத்தில் மட்டுமா? குழந்தைகளுக்கு வயது வரம்பு என்ன? நடை சஃபாரிக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் சேர்க்க மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் அதுதான் முக்கியம். ஆறு இடம் மாறுவதால், பத்து வருடத்துக்கு முன் கரையில் இருந்த லாட்ஜ் இப்போது மணல்வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பழைய புகைப்படத்தை நம்பாதீர்கள்.

ஒரே இடத்தில் குறைந்தது நான்கு இரவு தங்குங்கள். என் முதல் பயணத்தில் நான்கு இரவை இரண்டு லாட்ஜ்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். நிறையப் பார்க்கலாம் என்ற ஆசைதான். ஒரு முழுப் பகல் மூட்டை கட்டுவதிலும் சாலையிலும் போனது. அதைவிட வருத்தம், இரண்டாம் நாள் மாலை கரையில் ஒரு பெண் சிறுத்தை குட்டியோடு திரியும் தடத்தை கைடு காட்டினார். அதைத் தொடர்ந்து பார்க்க எனக்கு மூன்றாம் நாள் அங்கே இல்லை.

3. போய்ச் சேரும் வழி

தலைநகர் லுசாக்காவிலிருந்து முஃபுவேக்கு உள்நாட்டு விமானம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூட ஆகும். முஃபுவே சிறிய விமான நிலையம், அங்கிருந்து லாட்ஜ் வண்டி வந்து அழைத்துப்போகும். சாலை வழி என்றால் லுசாக்காவிலிருந்து கிழக்கே சிப்பாட்டா நகரம், அங்கிருந்து வடமேற்கே முஃபுவே. மொத்தம் எழுநூறு கிலோமீட்டர் அளவில் வரும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். இருட்டிய பிறகு சாலையில் மாடு, ஆடு, விளக்கில்லாத சைக்கிள், பழுதாகி நிற்கும் லாரி எல்லாம் இருக்கும். சிப்பாட்டாவில் ஓர் இரவு தங்குவது நல்லது. அங்கே குஜராத்தி வம்சாவழி வணிகர்கள் நடத்தும் கடைகளில் பருப்பும் மசாலாவும் கிடைக்கும். சொந்தமாகச் சமைக்கப் போகிறவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

விசா விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், டிக்கெட் எடுக்கும் முன் ஜாம்பியக் குடிவரவுத் துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

4. உடம்புக்கான தயாரிப்பு

லுவாங்குவா பள்ளத்தாக்கு மலேரியாப் பகுதி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகும் சில நாட்கள் அதை விழுங்க வேண்டும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி இன்னொரு விஷயம். கென்யா, எத்தியோப்பியா வழியாகப் பறந்து வந்தால், இந்தியாவில் இறங்கும்போது தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கலாம். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

அப்புறம் செட்ஸி ஈ. வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது, துணிக்கு மேலேயே குத்தும், கொசு விரட்டிக் களிம்புக்கு அவ்வளவாக அசையாது. கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கும். அதைப் பிடிக்கக் காட்டில் தொங்கவிடும் பொறிகளே நீலமும் கறுப்புமான துணியால் செய்தவைதான். ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். ஜீப்பின் பின்னால் ஒரு தகர டப்பாவில் காய்ந்த யானைச் சாணத்தைப் புகைய விட்டுக்கொண்டு போவார்கள். அந்தப் புகைக்கு ஈ ஒதுங்கும். தூக்க நோய் இந்த ஈயால்தான் வருகிறது. பயணிகளுக்கு வருவது அபூர்வம். ஆனாலும் கடித்த இடத்தில் வீக்கமும் காய்ச்சலும் வந்தால், ஊர் திரும்பிய பிறகானாலும், ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

காட்டிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

5. பை கட்டுவது

சிறிய விமானங்களில் பெரும்பாலும் பதினைந்து கிலோ அளவுக்குத்தான் அனுமதிப்பார்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதன் அடிவயிற்றில் நுழையாது. துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லாட்ஜில் தினமும் துவைத்துக் கொடுப்பார்கள் என்பதால் மூன்று செட் துணி போதும். காக்கி, சாம்பல், மங்கிய பச்சை நிறங்கள் சரி. ராணுவப் புள்ளி உடுப்பு மட்டும் கூடவே கூடாது, ஜாம்பியாவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

விடியற்காலை திறந்த ஜீப்புக்குக் கனமான ஜாக்கெட்டும் குல்லாவும் வேண்டும். நெற்றியில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், நடந்து பழகிய ஷூ. புது ஷூவைக் காட்டில் பழக்காதீர்கள். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும். இருவர் ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் சிறுத்தை புதருக்குள் போயிருக்கும்.

6. முதல் மாலை

வந்து இறங்கியதும் ஈரத்துணியும் குளிர்ந்த பானமும் கொடுத்து, மேலாளர் விதிகளைச் சொல்வார். பயணக் களைப்பில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடம்தான் நான்கு நாளின் பாதுகாப்பு.

இருட்டிய பிறகு தனியாகக் குடிலை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. சாப்பிடப் போகவும் திரும்பி வரவும் காவலாளி டார்ச்சோடு வருவார். அவசரத்துக்குக் குடிலில் விசிலோ ஹாரனோ இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையின் விளிம்புக்குப் போக வேண்டாம். மண் அடியில் அறுந்திருக்கும், கீழே முதலை இருக்கும். பழம், பிஸ்கட், ஏன், வாசனைச் சோப்புகூடக் குடிலில் திறந்து கிடக்கக் கூடாது. பபூன் குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும். வாழைப்பழ வாசனைக்கு யானையும் வரும்.

விதிகள் முடிந்ததும் குளியல். பல கேம்ப்களில் பக்கெட் ஷவர்தான். விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரை வாளியில் ஊற்றி மேலே இழுத்துக் கட்டிவிடுவார்கள், திருகைத் திறந்தால் கொட்டும். ஒரு வாளி தண்ணீர் ஒருவருக்குத் தாராளமாகப் போதும். நனைத்து, மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறக்க வேண்டும். மேலே முதல் நட்சத்திரங்கள் வந்திருக்கும். எத்தனை நட்சத்திர ஓட்டலிலும் எனக்கு இப்படி ஒரு குளியல் கிடைத்ததில்லை.

7. இரவு

முதல் இரவு தூக்கம் வராது. பயந்து படுக்காமல், சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஆற்றிலிருந்து ஆழமான உறுமல் சிரிப்பு மாதிரி தொடர்ந்து வந்தால் நீர்யானை. கீழே தொடங்கி மேலே சுழன்று போகும் ஒற்றை ஊளை கழுதைப்புலி. ரம்பத்தால் மரம் அறுப்பது போல விட்டுவிட்டுக் கேட்டால் சிறுத்தை. மரத்திலிருந்து பபூன்கள் குரைத்தால் கீழே எங்கோ அந்தச் சிறுத்தை நடக்கிறது. சிங்கத்தின் குரல் காதில் விழுவதைவிட நெஞ்சில் விழும்.

பகல் முழுவதும் வெயிலுக்குப் பயந்து தண்ணீரில் கிடக்கும் நீர்யானை, இரவில் கரையேறிப் புல் மேயும். ஒரு இரவுக்கு நாற்பது கிலோ அளவுக்குத் தின்னும். எனக்கு இரண்டாம் இரவு அது நடந்தது. சுமார் மூன்று மணி இருக்கும். கரக், கரக் என்று புல்லைப் பிடுங்கும் சத்தம், கட்டுத்தறியில் மாடு வைக்கோல் இழுப்பது போல. நாணல் தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு கை தூரம்தான். மூச்சு விடுவது கேட்டது. தட்டியின் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்த நிலா வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஒவ்வொரு கோடாக மறைந்து, ஒவ்வொரு கோடாகத் திரும்பி வந்தது. அவ்வளவு நீளம் அந்த உடம்பு. நான் கொசுவலைக்குள் அசையாமல் கிடந்தேன். அதற்கு என்னைப் பற்றிய நினைப்பே இல்லை, புல்தான் வேலை.

அதுபோன்ற நேரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டார்ச் அடிக்காதீர்கள், பேசாதீர்கள், வெளியே எட்டிப் பார்க்காதீர்கள். அதற்கும் ஆற்றுக்கும் குறுக்கே போகாத வரை அது உங்களைத் தொந்தரவு செய்யாது.

8. காலையில் நடை

ஐந்து மணிக்கு "மோர்னிங்" என்று யாராவது வெளியிலிருந்து எழுப்புவார்கள். தீ மூட்டியிருக்கும் இடத்தில் தேநீர், கஞ்சி, கரியில் வாட்டிய ரொட்டி. சூரியன் எழும்போது கிளம்பியிருக்க வேண்டும்.

லுவாங்குவாவுக்குப் போய் ஜீப்பிலேயே சுற்றிவிட்டுத் திரும்பினால் பாதியை விட்டுவிட்டீர்கள் என்றே சொல்வேன். சுற்றுலாப் பயணிகளைக் காட்டில் நடத்திக் கூட்டிப்போகும் நடை சஃபாரி வளர்ந்த மண் இது. நார்மன் கார் என்பவர் 1950இல் இங்குள்ள பழங்குடித் தலைவரான ந்செஃபுவோடு பேசி, சுட்டுத்தள்ள வராமல் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு முகாம் அமைத்தார். வருமானத்தில் ஒரு பங்கு அந்த மக்களுக்குப் போனது. வேட்டை மட்டுமே வருமானமாக இருந்த காலத்தில் அது பெரிய மாற்றம்.

நடையின் ஒழுங்கு கண்டிப்பானது. துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் முன்னே, அடுத்து கைடு, பின்னால் நீங்கள் ஒற்றை வரிசையில். நடுவில் குடிப்பதற்குத் தேநீர் சுமந்துகொண்டு ஒருவர் கடைசியில் வருவார். கைடு கையை உயர்த்தினால் அப்படியே நிற்க வேண்டும். பேச்சு கிசுகிசுப்பில்தான். எது வந்தாலும் ஓடக் கூடாது.

எங்கள் கைடு சட்டைப்பையில் ஒரு சின்னத் துணிமுடிச்சு வைத்திருந்தார். உள்ளே சலித்த சாம்பல். நூறு அடிக்கு ஒருமுறை அதை லேசாக உதறுவார். புகைபோல் ஒரு துளி மேகம் எழுந்து எந்தப் பக்கம் சாய்கிறதோ அது காற்றின் திசை. ஒரு புதர் வளைவில் அப்படி உதறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எங்களை இடப்பக்கம் சுற்றிக் கூட்டிப்போனார். கால் மணி நேரம் கழித்து ஒரு மேட்டில் நிறுத்தித் திரும்பிப் பார்க்கச் சொன்னார். நாங்கள் போக இருந்த பாதையில் ஏழு யானைகள் நின்றன. எங்கள் வாசனை அவற்றுக்குப் போகவே இல்லை. காட்டில் நல்ல கைடு என்றால் இப்படித்தான் இருப்பார்.

நடையில் பெரிய விலங்கைவிடச் சின்ன விஷயங்களைக் கேளுங்கள். கழுதைப்புலியின் காய்ந்த சாணம் சுண்ணாம்பு போல் வெள்ளையாக இருக்கும், தின்ற எலும்பின் மிச்சம் அது. சிங்கத்தின் தடத்தில் நகம் பதியாது, கழுதைப்புலியின் தடத்தில் பதியும். சாசேஜ் மரத்தில் சுரைக்காய் மாதிரி கனத்த காய்கள் தொங்கும், அதன் அடியில் டென்ட் போடக் கூடாது. கரையான் புற்றின் மேல் ஒரு மரத்தைக் காட்டி, இது தெரியுமா என்று கைடு கேட்டார். தெரியாமல் இருக்குமா? புளியமரம். நம் ரசத்துக்குள் கரைகிற புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அடியில் பபூன்கள் உறிஞ்சிப் போட்ட கொட்டைகள் கிடந்தன. ஒரு பழத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். நம்மூர்ப் புளிப்பேதான்.

9. நடுப்பகலை ஆற்றுக்குக் கொடுங்கள்

பத்தரை மணிக்குத் திரும்பியதும் சாப்பாடு. மாலை மூன்றரை வரை எந்த நிகழ்ச்சியும் இருக்காது. எல்லோரும் தூங்கப் போய்விடுவார்கள். அரை மணி நேரம் கண்ணயருங்கள், அப்புறம் எழுந்து வந்து நிழலில் ஆற்றைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலர், தண்ணீர், ஒரு நோட்டு. போனைக் குடிலில் விட்டுவிடுங்கள்.

முதல் இருபது நிமிடம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். நீர்யானைகள் பாறை போலக் கிடக்கும். பிறகு கண் பழகிவிடும். மரக்கட்டை என்று நினைத்த ஒன்று முதலை என்று தெரியும். அது வாயைப் பிளந்து வைத்திருப்பது சூட்டைத் தணித்துக்கொள்ள. எதிர்க்கரைக்குப் பூக்கு மான்கள் வந்து, தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி நின்று, அரை மணி நேரம் யோசித்துவிட்டு ஒரு வாய் குடிக்கும். மீன்பிடிக் கழுகு தலையைப் பின்னால் சாய்த்துக் கூவும். செப்டம்பர் என்றால் பஞ்சுருட்டான்கள் ஒரே நேரத்தில் கரையிலிருந்து கிளம்பும்போது மண்சுவரே உரிந்து பறப்பது போல் இருக்கும்.

யானைகள் ஆற்றைக் கடப்பதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். குட்டிகள் நடுவே, தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே. அவற்றைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தந்தமே இல்லாத பெண் யானைகள். இங்கே 1970களிலும் 80களிலும் தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள். தந்தம் உள்ளவை செத்தன, பிறவியிலேயே தந்தம் இல்லாதவை பிழைத்துக் குட்டி போட்டன. 1969இல் பெண் யானைகளில் நூற்றுக்குப் பத்தாக இருந்த தந்தமின்மை 1989இல் 38 ஆகிவிட்டது. காண்டாமிருகம் அப்படிக்கூடத் தப்பவில்லை, இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து முழுதாக அழிந்துபோனது. 2003இலிருந்து வடக்கு லுவாங்குவாவில் மட்டும் திரும்பக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். கரையில் நின்று குட்டிக்குத் தண்ணீர் வாரி இறைக்கும் அந்தத் தந்தமில்லாத தாயைப் பார்த்தால், அந்த வருடங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது.

10. மாலையும் விளக்கும்

மாலை ஜீப்பில் கிளம்பி, இருட்டும் நேரத்தில் ஆற்றங்கரையில் ஒரு திறந்த இடத்தில் நிறுத்தித் தின்பண்டமும் பானமும் தருவார்கள். அப்புறம் ஸ்பாட்லைட் போட்டுக்கொண்டு இரவு எட்டு மணிக்குள் திரும்புவார்கள். ஆப்பிரிக்காவின் பல தேசியப் பூங்காக்களில் இரவில் வண்டி ஓட்ட அனுமதி இல்லை, இங்கே உண்டு. சிறுத்தை அதிகமாக வாழும் இடங்களில் இதுவும் ஒன்று என்பதால் மூன்று நான்கு இரவுகளில் பார்த்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமே இயற்கையாக வாழும் தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கியை வெளிச்சம் இருக்கும்போதே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மான்கள் மேல் விளக்கை நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள். கண் கூசி நிற்கும் மானைச் சிறுத்தை எளிதில் அடித்துவிடும். நல்ல கைடுகள் ஒளியை உடனே நகர்த்திவிடுவார்கள். ஒரு தடவையாவது விளக்கையும் எஞ்சினையும் அணைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள்.

11. சாப்பாடும் மனிதர்களும்

சைவம் என்றால் முன்பதிவிலேயே எழுதுங்கள், வந்த பிறகும் ஒருமுறை சமையல்காரரிடம் நேரில் சொல்லுங்கள். பொருள்கள் தொலைவிலிருந்து வருவதால் அன்றைக்கு அன்றே மாற்ற முடியாது. லாட்ஜில் மேற்கத்திய உணவுதான் பரிமாறுவார்கள். ஒரு வேளை மட்டும், வேலை செய்கிறவர்கள் சாப்பிடுவது எங்களுக்கும் வேண்டும் என்று கேளுங்கள். ந்ஷிமா வரும். வெள்ளை மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிண்டிய களி. கையால் உருட்டி, நடுவில் குழி செய்து, தொடுகறியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். சிபுவாபுவா என்ற பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டுச் செய்தால் அதற்கு ஈடு இல்லை. கேழ்வரகுக் களி சாப்பிட்ட கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே பரவலாகப் பேசுவது நியாஞ்சா மொழி. "முலி ப்வாஞ்சி" என்றால் எப்படி இருக்கிறீர்கள், "ந்திலி ப்வினோ" என்றால் நலம், "ஜிக்கோமோ" என்றால் நன்றி. பெரியவர்களைப் பம்போ, அமாய் என்று அழைப்பார்கள். அப்பா, அம்மா என்பதுதான் பொருள். நலம் விசாரிக்காமல் நேராக வேலையைச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு. காலையில் தேநீர் கொண்டுவருபவரிடம் முதலில் "முலி ப்வாஞ்சி" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

டிப்ஸ் கடைசி நாள் மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். கைடுக்குத் தனியாக, மற்றவர்களுக்குப் பொதுப்பெட்டியில். உறையும் சில்லறை நோட்டுகளும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், காட்டில் மாற்ற இடமில்லை. வாளி சுமந்தவரும் இரவெல்லாம் விழித்திருந்த காவலாளியும் அந்தப் பொதுப்பெட்டியில்தான் இருக்கிறார்கள்.

12. கிளம்பும் நாள்

விமானம் மதியத்துக்கு மேல் என்றால் கடைசிக் காலை டிரைவ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே நாற்காலியில் உட்காருங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாத ஆறு இப்போது வேறு மாதிரி தெரியும்.

விமான நிலையம் போகும் வழியில் முஃபுவேயில் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே கண்ணிக் கம்பியில் செய்த வளையலும் சங்கிலியும் விற்கிறார்கள். மான் இறைச்சிக்காகக் காட்டில் கட்டிவைக்கும் கம்பிச் சுருக்கில் சிங்கமும் காட்டுநாயும் யானையும் சிக்குகின்றன. அரசு வனத்துறையும் கன்சர்வேஷன் சவுத் லுவாங்குவா அமைப்பும் ரோந்து போய் அவற்றை அறுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி அறுத்த கம்பிதான் உள்ளூர்ப் பெண்களின் கையில் நகையாகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் முறுக்கிய இடத்தில் பழைய வளைவு இன்னும் நிமிராமல் இருக்கும். எனக்கு அகப்பட்ட வளையலின் கம்பி ஒரு மிதிவண்டியின் பிரேக் கம்பி என்று விற்ற பெண் சொன்னார்.